தூண்டில்காரர் உடுப்பும் மலைத்தோட்டத்து மழையும்



தூண்டில் போட்டு மீன் பிடிப்பவர் உடுத்தும் உடுப்பைப் பற்றி இன்று பேசப்போகிறேன். பிரிஞ்சாங்கிலும் சுற்று வட்டாரத் தேயிலைத் தோட்டங்களிலும் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்கள், "கொழுந்துக்கூடை தூக்குகிற நமக்கும் தூண்டில்காரன் சட்டைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் பண்டல் கடையில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

பண்டல் கடை இல்லாத பட்டணம் இன்று நம் நாட்டில் அரிது. வெளிநாடுகளில் உடுத்திக் கழித்த துணிமணிகள் பொதி பொதியாக வந்து இறங்குகின்றன. அந்தக் குவியலைக் கிளறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பத்துப் பதினைந்து பைகள் வைத்துத் தைத்த கையில்லாத சட்டை ஒன்று வரும், இடுப்போடு நின்றுவிடும் குட்டையான மழைச்சட்டை ஒன்று வரும், மார்பு வரை ஏறும் ரப்பர்ச் சிலுவாரும் சில சமயம் வரும். 'இது என்ன கோமாளி உடை' என்று தள்ளிவிட்டுப் போவோம். அல்லது நம் தம்பிமார் அழகுக்காக வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். உண்மையில் இவை ஒரு குறிப்பிட்ட வேலைக்காக, மிகவும் யோசித்துத் தைக்கப்பட்டவை. அந்த வேலைக்கும் நம் மலை வேலைக்கும் உள்ள உறவு என்ன, எதை வாங்கினால் பயன், எதை வாங்கினால் காசு வீண், எதைப் போட்டால் உயிருக்கே ஆபத்து என்பதுதான் இன்றைய பேச்சு.

ஈத்தூண்டில் என்று ஒரு முறை இருக்கிறது. மண்புழுவும் இறாலும் கோத்துப் போடும் தூண்டில் அல்ல. இறகையும் நூலையும் கொண்டு முள்ளின்மேல் ஈயைப் போல, பூச்சியைப் போலக் கட்டி, அதை ஓடும் தண்ணீரின்மேல் மெல்ல விழச் செய்வார்கள். மீன் அதை மெய்யான பூச்சி என்று எண்ணிக் கவ்வும். தென்னிந்திய மலைக்காடுகளில் மேயும் சாம்பல் நிறக் காட்டுச்சேவலின் கழுத்திறகுக்கு மேல்நாட்டு ஈத்தூண்டில்காரரிடையே ஒரு காலத்தில் பெரிய கிராக்கி இருந்தது. இந்திய அரசு பிறகு அந்த ஏற்றுமதியைத் தடுத்துவிட்டது.

இந்த முறையில் முக்கியமாகப் பிடிக்கப்படுவது டிரவுட் என்னும் குளிர்நீர் மீன். வெள்ளைக்காரத் துரைமார் தேயிலையும் காப்பியும் பயிரிட்ட மலைகள் பலவற்றுக்கும் இதைக் கொண்டுபோனார்கள். 1860களில் பிரான்சிஸ் டே என்பவர் நீலகிரியில் இதைக் குடியேற்ற முயன்றார், கைகூடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் என்பவர் அதில் வெற்றி கண்டார். நீலகிரியின் அவலாஞ்சியில் அதற்கென்று குஞ்சு பொரிப்பகம் ஏற்பட்டது. மூணாற்றிலும் இலங்கையின் நுவரெலியாவிலும் இதே கதைதான். நம் நாட்டிலோ, ஈத்தூண்டிலோடு ஆற்றுக்குப் போகிறவர்கள் தேடுவது கெலாவையும் செபாராவையும்தான்.

மீன் எதுவானாலும், பிடிப்பவரின் நிலை ஒன்றே. குளிர்ந்த ஆற்றில் தொடை வரை, சில சமயம் இடுப்பு வரை இறங்கி, மழையானாலும் பனியானாலும் மணிக்கணக்காக நிற்க வேண்டும். இரண்டு கைகளும் வேலையில் இருக்கும். குடை பிடிக்க முடியாது. காலடியில் வழுக்குப் பாறை. தேவையான பொருளெல்லாம் உடம்பிலேயே இருக்க வேண்டும். இப்போது இந்த வருணனையில் 'ஆறு' என்பதை எடுத்துவிட்டுத் 'தேயிலை நிரை' என்று வைத்துப் பாருங்கள். காலை ஆறரை மணிக்குப் பனி சொட்டும் செடிகளுக்கிடையே இடுப்பு வரை நனைந்து நிற்கும் நம் பெண்களின் நிலை இது இல்லையா? இப்போது கையால் கிள்ளுவது குறைந்து கத்தரியும், இருவர் பிடித்துப் போகும் இயந்திரமும் வந்துவிட்டன. வேலைக்கு வருகிறவர்களில் பலர் வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஆனால் மழையும் சரிவும் மாறவில்லை. காய்கறித் தோட்டத்தில் வேலை செய்பவருக்கும், சுற்றுப்பயணிகளைப் பாசிக்காட்டுக்கு அழைத்துப் போகும் தம்பிக்கும், பள்ளி முகாமுக்குப் போகும் பிள்ளைக்கும் அதே மழைதான்.

நம் முன்னோர்கள் இதற்கு வழி தெரியாதவர்கள் அல்ல. சாக்கையோ கம்பளியையோ ஒரு மூலை உள்ளே போக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் கொங்காணியை எண்ணிப் பாருங்கள். முன்புறம் திறந்திருக்கும், கைகள் இரண்டும் வேலைக்குத் தயாராக இருக்கும், முதுகில் மழை வழிந்து ஓடும், உள்ளே காற்றும் போகும். இடுப்பில் கட்டிய படங்கு, செடியின் ஈரம் பாவாடையில் ஏறாமல் தடுக்கும். இன்று ஆயிரம் வெள்ளிக்கு மேல் விற்கும் மேல்நாட்டு மழைச்சட்டையின் தத்துவமும் இதுதான்: மழை உள்ளே வரக் கூடாது, வியர்வை வெளியே போக வேண்டும், கை கட்டுப்படக் கூடாது. கொங்காணியைக் கண்டுபிடித்தவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மேல்நாட்டுக் கண்டுபிடிப்பாளர்களின் பெயர்கள் மட்டும் இருக்கின்றன. ஆகவே அவற்றைச் சொல்கிறேன்.

1823இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்ல்ஸ் மெக்கின்டாஷ், ரப்பரைக் கரைத்து இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி, நீர் புகாத துணி செய்தார். மழைச்சட்டைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. பிறகு மலாயா உலகிலேயே அதிக ரப்பர் விளைவித்த நாடாக ஆயிற்று. நம் பாட்டன் பாட்டிமார் விடியலில் மரம் வெட்டி எடுத்த பால், சீமையில் எத்தனையோ பேருக்குப் பூட்சாகவும் மழைச்சட்டையாகவும் போயிருக்கும். பால் எடுத்தவர் தலையில் சாக்குத்தான் இருந்தது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். ரப்பர்த் துணியின் குறை என்னவென்றால், அது உள்ளிருக்கும் வியர்வையையும் வெளியே விடாது. 1894இல் ஜான் பார்பர் என்பவர் இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸ் துறைமுகத்தில் மெழுகுத்துணி உடுப்பு விற்கத் தொடங்கினார். கப்பலோட்டிகளுக்கும் மீனவருக்கும் விற்றது அது. 1936இல் அதே கடை மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்கு ஓர் உடுப்பைத் தைத்தது. இரண்டாம் உலகப் போரில் 'உர்சுலா' என்னும் நீர்மூழ்கிக் கப்பலின் தலைவர் அந்த மோட்டார் சைக்கிள் உடுப்பைத் தம் ஆட்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார். சாலையில் போகிறவனுக்குத் தைத்தது கடலுக்கடியில் போகிறவனுக்கு உதவிற்று. ஓர் உடுப்பு எதற்காகத் தைக்கப்பட்டது என்பதைவிட அது என்ன செய்கிறது என்று பார்ப்பவர்தான் கெட்டிக்காரர்.

சரி, அது என்ன செய்கிறது? முதலில் குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரிஞ்சாங் 5,000 அடிக்கு மேல் இருக்கிறது. 1978 பிப்ரவரி முதல் நாள் கேமரன் மலையில் 7.8 பாகை வெப்பம் பதிவாயிற்று. நம் நாட்டில் அதைவிடக் குறைந்தது பதிவானதில்லை. ஆனால் உடம்பு சில்லிட்டுப் போவதற்கு அவ்வளவு குளிர் தேவையில்லை. 15 பாகையும், நனைந்த சட்டையும், காற்றும் சேர்ந்தால் போதும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவது. ஆகவே ஈரத்துணி உடம்பின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். முதலில் நடுக்கம் வரும். பிறகு விரல் மரத்து, பொத்தானைக் கூடப் போட முடியாமல் போகும். பேச்சுக் குழறும், கால் தடுமாறும். இந்த நிலையில் நடுக்கம் நின்றுவிட்டால், 'சரியாகிவிட்டது' என்று எண்ணிவிடாதீர்கள். நடுங்குவதற்குக்கூட உடம்பில் தெம்பில்லை என்று பொருள். அப்படிப்பட்டவரைக் காற்று படாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈரத்துணியைக் களைந்து, உலர்ந்த கம்பளியால் தலையோடு சுற்றி, நினைவு தெளிவாக இருந்தால் சூடாக இனிப்புத் தேநீர் கொடுத்து, மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். கை கால்களைத் தேய்க்கக் கூடாது. 'ஒரு மடக்கு சம்சு உள்ளே போனால் குளிர் பறந்துவிடும்' என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாராயம் தோலுக்கு அருகில் இருக்கும் இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. சூடு ஏறுவதுபோல் தோன்றும்; உண்மையில் உள்ளிருக்கும் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும்.

ஆகையால் தூண்டில்காரர் முதலில் கவனிப்பது மேல்சட்டையை அல்ல, உள்சட்டையை. பருத்தி பனியன் வெயிலுக்கு நல்லது. மழைக்கு அது எதிரி. நனைந்தால் தோலோடு ஒட்டிக்கொண்டு நீரைப் பிடித்து வைத்திருக்கும். ஆட்டு ரோமத்தால் ஆன கம்பளி நூலோ தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்ளிழுத்துக்கொண்டும் அதிகமாகச் சில்லிடாது. சுருள் சுருளான இழைகளுக்கிடையே காற்றைப் பிடித்து வைப்பதால் சூடு தங்கும். நைலான், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழைகள் நீரை அதிகம் உறிஞ்சாமல் சீக்கிரம் உலர்ந்துவிடும். பண்டல் கடையில் முதலில் தேட வேண்டியது இதைத்தான்: மெல்லிய கம்பளிப் பனியன், அல்லது புசுபுசுவென்ற செயற்கை இழைச் சட்டை. சில வெள்ளிதான் ஆகும். தடித்த ஒரே சட்டையைவிட மெல்லிய இரண்டு சட்டை நல்லது. இடையில் காற்று நிற்கும், வெயில் ஏறினால் ஒன்றைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். பிள்ளைகள் பாசிக்காட்டுக்கோ ஈராவ் மலைக்கோ போகிறார்கள் என்றால் காற்சட்டைக்கு ஜீன்ஸ் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். நனைந்த ஜீன்ஸ் ஈரத்தை நாள் முழுதும் சுமந்து வரும்.

அடுத்து மேல்சட்டை. தூண்டில்காரர் மழைச்சட்டையை மற்ற மழைச்சட்டைகளிலிருந்து பிரித்துக் காட்டுவது மணிக்கட்டு. கையை மேலே தூக்கும்போது விரலிலிருந்து தண்ணீர் முழங்கை வரை ஓடி வரும் அனுபவம் உங்களுக்குத் தெரியும். அதைத் தடுக்க, இழுத்து ஒட்டும் பட்டையோடு இறுக்கமான கைமுனை வைத்திருப்பார்கள். தலைமூடி அகலமாக இருக்கும். தலையைத் திருப்பினால் கூடவே திரும்பும். இவை இரண்டும் கொழுந்து வேலைக்கும், காய்கறி கழுவுகிறவருக்கும், மோட்டார் சைக்கிளில் தானா ராத்தாவுக்குப் போகிறவருக்கும் மிக உதவும். ஆனால் சட்டை குட்டை. ஆற்றில் நிற்பவருக்குச் சட்டை விளிம்பு தண்ணீரில் தோயக் கூடாது என்பதற்காக இடுப்போடு நிறுத்தியிருக்கிறார்கள். அவருக்குக் கீழே ரப்பர்ச் சிலுவார் இருக்கிறது, நமக்கு இல்லை. சட்டையில் வழியும் மழை முழுவதும் நம் தொடையில்தான் இறங்கும். குட்டைச் சட்டை வாங்கினால் கீழே படங்கு கட்டத்தான் வேண்டும். தாத்தா காலத்துப் படங்கும் ஜப்பான்காரன் சட்டையும் நல்ல ஜோடி.

விலை உயர்ந்த சட்டைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1969இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் ஒரு பிளாஸ்டிக்கை வெடுக்கென்று இழுத்து, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த மெல்லிய தாளாக்கினார். நீர்த்துளி அதில் நுழையாது, நீராவி நுழையும். அதுதான் கோர்டெக்ஸ். 1976இலிருந்து அது உடுப்பாக விற்கப்படுகிறது. அருமையான கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. ஆனால் வியர்வை ஆவி வெளியேற வேண்டுமானால் வெளிக்காற்று உள்ளிருப்பதைவிட உலர்ந்ததாக இருக்க வேண்டும். பிரிஞ்சாங்கில் மூடுபனி இறங்கும் நேரத்தில் காற்று முழுதும் ஈரம். ஆவி எளிதில் வெளியே போகாது. ஆகவே 2025இலிருந்து மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் என்று இருக்கும் நாட்டில், அதில் பாதிக்கு மேல் கொடுத்துப் புதிய சட்டை வாங்குவது இந்த மலையில் புத்திசாலித்தனமல்ல என்பது என் எண்ணம். அக்குளில் திறந்து மூடும் ஜிப் வைத்த சாதாரண மழைச்சட்டை காற்றோட்டத்துக்கு இதைவிட உதவும்.

பழைய சட்டை வாங்கும்போது உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தையல்மேல் ஒட்டிய பட்டை உரிந்திருந்தால், உட்பூச்சு செதில் செதிலாக உதிர்ந்தால், பிசுபிசுவென்று ஒட்டினால் வேண்டாம்; அதைச் சீர்செய்ய முடியாது. வெளிப்புறம் தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் ஊறினால் மட்டும் கவலையில்லை. நீர் ஒட்டாத பூச்சுத் திரவம் கடையில் கிடைக்கிறது. துவைப்பதற்கு மென்மையான சோப்பு போதும். துணியை மணக்கச் செய்யும் திரவத்தை இதில் ஊற்றாதீர்கள். நீர் ஒட்டாத தன்மையை அது கெடுத்துவிடும்.

பைகள் நிறைந்த அந்தக் கையில்லாச் சட்டைக்கு வருவோம். அமெரிக்கத் தூண்டில்காரர் லீ உல்ஃப் 1931இல் முதலில் தைத்தார் என்று சொல்வார்கள். பிறகு படம்பிடிப்பவர்களும் பத்திரிகைக்காரர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். காட்டுக்குப் போகிறவருக்கு அதன் அருமை வேறு. முதுகுப் பையை இறக்கி வைத்துவிட்டுச் சற்றுத் தூரம் போய்ப் பார்ப்போம் என்று கிளம்பி வழி தவறியவர்கள் உண்டு. பை ஓரிடம், ஆள் ஓரிடம். சட்டையிலேயே பை இருந்தால் அது ஆளை விட்டுப் போகாது. 1967 மார்ச் 26ஆம் நாள் தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் தானா ராத்தாவுக்கு அருகில் ஒரு பங்களாவிலிருந்து உலாவப் புறப்பட்டுப் போனார். போலீசாரும் படையினரும் ஓராங் அஸ்லி மக்களும் காட்டைச் சல்லடையாகச் சலித்தும் இன்றுவரை அவர் என்ன ஆனார் என்பது தெரியவில்லை. அவருடைய சிகரெட்டும் லைட்டரும் பங்களாவிலேயே இருந்தன. அவை கையில் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. இந்த மலையில் 'இதோ வந்துவிடுகிறேன்' என்று போகிறவரும் தீப்பெட்டியும் விசிலும் இல்லாமல் போகக் கூடாது என்பதற்காகச் சொன்னேன். பொய் ஈக்களை வைக்கும் சிறிய நீர்புகாப் பெட்டி கிடைத்தால் தீக்குச்சி, மாத்திரை, ஊசி நூல், அட்டைக்கு உப்பு எல்லாம் அதில் அடங்கும். ஓராங் அஸ்லி மக்கள் மூங்கில் குழாயையே இப்படிப் பயன்படுத்துவார்கள்.

இனி மிகவும் கவனமாகக் கேட்க வேண்டிய பகுதி. மார்பு வரை வரும் ரப்பர்ச் சிலுவாரை ஆங்கிலத்தில் வேடர்ஸ் என்பார்கள். நம் குறிஞ்சி நிலத்து வேடருக்கும் இதற்கும் உறவில்லை, தண்ணீரில் நடப்பது என்று பொருள். குளம் தூர் வாருகிறவருக்கும், கால்வாய் அடைப்பை எடுக்கிறவருக்கும், மீன்குட்டை வைத்திருப்பவருக்கும் இது நல்ல துணை. எலியின் சிறுநீர் கலந்த சேற்றுநீர், காலில் உள்ள கீறல் வழியாக உடம்பில் ஏறி, கடுங்காய்ச்சல் தந்து, சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுக்கும் நோய் ஒன்று இருக்கிறது. நம் நாட்டில் அதை எலிச்சிறுநீர் நோய் என்றே சொல்கிறோம். கிழியாத வேடர்ஸ் அதற்கு நல்ல தடுப்பு. ஆனால் மலையேறுவதற்கோ சரிவில் வேலை செய்வதற்கோ இது கூடாது. ஒரு மைல் நடந்தால் உள்ளே வியர்வையில் குளித்துவிடுவீர்கள். பழசாகிப் பாதம் கிழிந்த வேடர்ஸ் மலிவாகக் கிடைத்தால் இடுப்புப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, கால் பகுதிகளைத் தனித்தனியே இடுப்பு வாரில் கட்டிக்கொள்ளலாம். பின்புறம் திறந்து காற்றுப் போகும். முன்புறம் செடியின் ஈரம் ஏறாது.

ஆற்றில் இறங்குவதானால் ஒரு விதி. மார்புக்குக் கீழே இடுப்பில் வார் ஒன்றை இறுகக் கட்டாமல் வேடர்ஸோடு தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. விழுந்தால் தண்ணீர் உள்ளே மளமளவென்று நிறையாமல் வார்தான் தடுக்கும். நிறைந்தால் கல்லைப்போல் ஆழத்துக்கு இழுக்கும் என்று பலர் நம்புகிறார்கள், அது சரியல்ல. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடையில்லை. சற்றுமுன் சொன்ன லீ உல்ஃப் இதை நிரூபிக்க வேடர்ஸ் போட்டுக்கொண்டே பாலத்திலிருந்து ஆற்றில் குதித்துக் காட்டினார். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: நீர் நிறைந்த கால்களை வீசி நீந்த முடியாது, கரையேறும்போது அத்தனை தண்ணீரும் எடையாகிவிடும். அப்படி அகப்பட்டால் பதறி எழுந்து நிற்கப் பார்க்காமல், மல்லாந்து, கால்களை நீரோட்டம் போகும் திசையில் நீட்டி, ஆழமில்லாத இடத்துக்கு ஒதுங்க வேண்டும்.

ஆற்றைக் கடக்க வேண்டுமானால் தூண்டில்காரரின் கைத்தடியை எடுத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டாம், நெஞ்சளவு மூங்கில் போதும். நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, தடியை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக நகர வேண்டும். தடி, இரண்டு கால், இந்த மூன்றில் எப்போதும் இரண்டு தரையில் இருக்க வேண்டும். ஓட்டத்தின் வேகம் இரு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்காலுக்குமேல் வேகமான தண்ணீர் என்றால் திரும்பிவிடுங்கள். முதுகுப் பையின் இடுப்புக் கொக்கியைக் கழற்றி விட்டிருங்கள். விழுந்தால் பையை உதறலாம். உடம்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கடக்காதீர்கள். கயிறு இழுக்கும்போது ஓட்டம் உங்களைத் தண்ணீருக்கடியில் அமுக்கும்.

நம் மலையில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரிங்லெட்டில் இருக்கும் சுல்தான் அபு பாக்கார் அணை 1963இல் கட்டி முடிந்தது. கனமழையில் அணை நிரம்பினால் தண்ணீரைத் திறந்துவிட்டே ஆக வேண்டும். 2013 அக்டோபர் 23ஆம் நாள் பின்னிரவில் அப்படித் திறந்துவிடப்பட்ட தண்ணீர், அணைக்குக் கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளையும் வண்டிகளையும் அடித்துக்கொண்டு போயிற்று, உயிர்களும் போயின. வீட்டில் படுத்திருந்தவர்களுக்கே தப்ப நேரமில்லை. ஆற்றின் நடுவில் தூண்டிலோடு நிற்பவர் கதி என்ன? மேலே மலையில் மழை பெய்யும்போது கீழே வெயில் அடிக்கலாம். தெளிந்த நீர் கலங்கினால், இலைச் சருகும் குச்சியும் மிதந்து வந்தால், ஆற்றின் இரைச்சல் மாறினால், சங்கொலி கேட்டால் தூண்டிலைப் போட்டுவிட்டு மேட்டுக்கு ஓடுங்கள். எந்த உடுப்பும் அந்த நேரத்தில் உதவாது. பிள்ளைகள் ஆற்றுப் பக்கம் போகிறார்கள் என்றால் இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படித்துக் காட்டுங்கள்.

ஆற்றுச் சப்பாத்தின் அடியில் சில சமயம் கெட்டியான கம்பளித் தகடு ஒட்டியிருக்கும். பாசி படர்ந்த பாறையில் அதைப்போலப் பிடிப்பது வேறெதுவும் இல்லை. சேற்றிலும் புல்லிலும் அதைப்போல வழுக்குவதும் வேறில்லை! தேயிலைச் சரிவுக்கு அது ஆகவே ஆகாது. ஆழமான பல் வைத்த ரப்பர் அடிதான் வேண்டும். அந்தத் தகட்டுக்கு இன்னொரு கெட்ட பெயரும் உண்டு. 2004இல் நியூசிலாந்து ஆறு ஒன்றில் வெளிநாட்டுப் பாசி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத அதன் உயிரணு, ஈரம் காயாத கம்பளித் தகட்டில் ஒளிந்து ஆற்றுக்கு ஆறு பரவக்கூடியது என்று கண்டு, 2008இல் அந்த நாட்டு ஆறுகளில் மீன்பிடிப்போர் அதை அணிவதையே தடை செய்தார்கள். இதைக் காய்கறித் தோட்டக்காரர்கள் கவனிக்க வேண்டும். கோசுச் செடியின் வேரை முண்டு முண்டாக்கும் நோயும், தக்காளியை ஒரே நாளில் வாடச் செய்யும் நோயும் மண்ணில் வாழ்பவை. ஒரு பாத்தியின் சேறு சப்பாத்தில் ஒட்டி அடுத்த பாத்திக்குப் போனால் நோயும் கூடவே போகும்.

வெயில் பட்டுத் தண்ணீர் பளபளக்கும்போது மேற்பரப்பைத் தாண்டி உள்ளே பார்க்கத் தூண்டில்காரர் ஒரு வகைக் கறுப்புக் கண்ணாடி போடுவார். ஒளிமுனைப்புக் கண்ணாடி என்று பெயர். மழை விட்ட தார்ச்சாலையின் கூசலை அது குறைக்கும். வளைந்து வளைந்து இறங்கும் தாப்பா சாலையில் பகலில் வண்டி ஓட்டுகிறவருக்கு நல்லது. இருட்டிய பின் வேண்டாம். வாங்கும்போது இரண்டு கண்ணாடியை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒன்றை மெல்லத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் இருண்டுபோனால் அசல். இல்லையென்றால் வெறும் சாயம். நைலான் தூண்டில் நரம்பும் வீட்டில் இருக்க வேண்டிய பொருள்: கிழிந்த கூடை வாரையும் சப்பாத்தையும் தைக்கலாம். முடிச்சை இறுக்குமுன் எச்சில் தொட்டு நனைத்துக்கொண்டால் உராய்வில் சூடேறி நைந்துபோகாது. மீந்த துண்டைக் காட்டிலோ ஆற்றங்கரையிலோ போடாதீர்கள். பறவையின் காலில் சுற்றினால் அது சாகும்வரை அவிழாது.

ஒன்றை மட்டும் தாய்மார்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். மருந்து தெளிக்கும் வேலைக்கு இந்த உடுப்புகள் எதுவும் மாற்றல்ல. மழை புகாத துணி வேறு, பூச்சிமருந்து புகாத துணி வேறு. பைகள் நிறைந்த சட்டை மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கம்பளியும் அப்படித்தான். தெளிப்பு வேலைக்கென்று நிர்வாகம் தர வேண்டிய கையுறை, முகமூடி, உடுப்பு ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். அந்த உடுப்பை வீட்டுத் துணியோடு ஊற வைக்காமல் தனியாகத் துவைத்து, பிள்ளைகள் கை படாத இடத்தில் தொங்கவிடுங்கள்.

மழைச்சட்டையையும் சப்பாத்தையும் அடுப்புக்கு மேல் காயப்போடுவது நம் லயத்து வழக்கம். ரப்பர் வெடித்துவிடும், ஒட்டுப் பட்டை இளகிவிடும். காற்றோட்டமான தாழ்வாரத்தில் கம்பைக் குறுக்கே நீட்டி, கைகள் விரிந்திருக்கும்படி தொங்கவிடுங்கள். சப்பாத்துக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, இரவு படுக்கப் போகுமுன் ஒருமுறை மாற்றிவிட்டால் காலையில் பெரும்பாலும் உலர்ந்திருக்கும். வேடர்ஸைத் தலைகீழாக, பாதம் மேலே இருக்கும்படி மாட்ட வேண்டும். அது கிழிந்திருக்கிறதா என்று பார்க்க, இருட்டறையில் உள்ளே டார்ச் விளக்கை விட்டுப் பாருங்கள். ஒளி ஊசிமுனையாகத் தெரியும் இடத்தைச் சாக்குக்கட்டியால் வட்டமிட்டு, சைக்கிள் டியூப் ஒட்டும் பசையும் துண்டும் வைத்து ஒட்டிவிடலாம்.